முறைப்பாட்டில் என் பெயர்

நேற்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தேன். கண்ணாடிக்கு எழுதித் தந்த பிள்ளை, இந்தக் கடையில்தான் எடுக்க வேண்டுமென்று ஒரு கடையின் அட்டையையும் சேர்த்து நீட்டினாள். வந்ததே எனக்குக் கோபம். "கடைக்காரன் உமக்கு என்ன தாறவன், பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. வெளியே வந்து நின்றபோது உம்மோடு, என் மனுசியோடு, கதைக்க வேண்டும் போலிருந்தது.

அந்தக் காலத்தில் நீர் ஆஸ்பத்திரிக்குள்ளே நோயாளரைப் பார்க்கிற மிசி, நான் வாசலில் வாடகைக் கார்க்காரன். புருசன் பெண்சாதி இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரிதான் சோறு போட்டது. உமக்குச் சொல்லாமல் நான் அதில் இன்னொரு கறியும் சேர்த்துக்கொண்டேன். கட்டில் இல்லையென்று, வார்டில் எடுபிடி வேலை செய்யும் ஓடலி கையை விரிப்பான். நான் அந்த நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்த் தனியார் மருத்துவமனையில் இறக்குவேன். அங்கத்தைய டொக்குத்தர் காசு தரமாட்டார். கொண்டுபோகும் ஒவ்வொரு நோயாளிக்கும் என் காருக்கு ஒரு கலன் பெற்றோல் என்று பெற்றோல் செட்டில் சொல்லி வைத்திருந்தார். காசைக் கையால் தொடாதவரை அது இலஞ்சமில்லை என்றே நினைத்திருந்தேன். விசர் நினைப்பு.

சுன்னாகப் பக்கத்தில் தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர் நோவெடுத்த மனைவியைக் கொண்டுவந்த அன்று, நான் காரை ஸ்டார்ட் செய்யவும் நீர் ஓடிவந்து முன்னுக்கு நின்றீர். இறக்கச் சொன்னீர். கட்டில் இல்லையாமே என்றேன்.

"மூண்டு கட்டில் வெறுமையாய்க் கிடக்கு. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் ஓடலியைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். உமக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே கொண்டுபோய் அரை மணியில் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். காரில் போயிருந்தால் அந்தப் பிள்ளை தப்பியிராது.

பின்னேரம் வீட்டில் தாளை எடுத்து என் முன்னால் வைத்தீர். மேலிடத்துக்கு முறைப்பாடு; என் எழுத்துத்தான் வடிவாம், நீர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம். டொக்குத்தர் பெயர் வந்தது, ஓடலி பெயர் வந்தது. பிறகு என் பெயரும் கார் நம்பரும் வந்தன. பேனை நின்றுவிட்டது. ஓட்டம் போகும், பிடித்து மறியலில் போடவும் கூடும், பெற்றோல்தானே வாங்கினேன் என்று புறுபுறுத்தேன்.

"சட்டத்துக்குக் காசும் ஒண்டுதான், பெற்றோலும் ஒண்டுதான். எழுதுங்கோ."

எழுதினேன். இரண்டு நாள் உம்மோடு கதைக்கவில்லை, அது வேறு.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். இந்தச் சாரதியைத் தெரியுமா என்று உம்மைக் கேட்டார். ஓடலி என்னைப் பார்த்து இளித்தான். நீர் சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்யாமல் நேரே நின்று சொன்னீர்.

"என்ரை மனுசன், ஐயா. பிழை செய்தவர். அதை மறைக்காமல் தன்ரை கையாலை எழுதித் தந்தவரும் அவர்தான். ரெண்டையும் பதிஞ்சு கொள்ளுங்கோ."

ஓடலிக்கு மாற்றம் வந்தது. டொக்குத்தரின் பெற்றோல் நின்றது. என்னை எச்சரித்து, ஒரு வருடம் ஆஸ்பத்திரி வாசலில் கார் விடக்கூடாதென்றார்கள். கொடிகாமச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றி ஓடினேன். கூட்டாளிகள் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அரசாங்கக் கோவையில் என்னைப் பற்றி இரண்டு வசனம் கிடக்கிறது, இரண்டும் உண்மை, இரண்டையும் சொன்னது என் மனுசி.