நான் இழுத்த சிவப்புக் கோடு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே. போனில் நீ படபடவென்று பேசி வைத்துவிட்டாய். கடிதத்தில் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கால் பிடித்துவிடும் மெஷினை டிவியில் பார்த்து வாங்கியது நான்தான், அம்மா கேட்கவே இல்லை. பதினைந்தாயிரம் என்று போட்டு, அதன்மேல் கோடு இழுத்து, இன்று மட்டும் நாலாயிரம், இன்னும் பத்து நிமிடம்தான் என்று ஒருத்தி மூச்சு விடாமல் கத்தினாள், கடிகாரம் வேறு ஓடியது, எனக்குக் கை பரபரத்துவிட்டது. வந்த பிறகு பிளக் சேரவில்லை என்று மூலைக்கடை எலக்ட்ரீஷியனிடம் போனால் அவர் அலமாரியில் அதே மெஷின், அதே பெட்டி, விலை இரண்டாயிரத்து இருநூறு. வீட்டுக்கு வந்து, அடுத்த பத்தொன்பது நாளும் காலையில் டிவி முன்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். கோடு போட்ட விலை ஒருநாள் பதினைந்தாயிரம், ஒருநாள் பதினொன்று, ஒருநாள் பதினெட்டு. நாலாயிரம் மட்டும் அசையவில்லை, அந்தக் கடைசிப் பத்து நிமிடமும் தினம் வந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, நீங்க எழுதாத வெலையா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் ஜவுளிக்கடையில் அட்டை எழுதியவன் என்று உனக்குத் தெரியும், என்ன அட்டை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தள்ளுபடி விற்பனைக்கு முந்தின வாரம் முதலாளி ஒரு கட்டு அட்டையும் சிவப்புப் பேனாவும் கொடுப்பார். எண்ணூறுக்கு விற்றுக்கொண்டிருந்த சட்டைக்கு ஆயிரத்து அறுநூறு என்று எழுதி, அதை அடித்து, கீழே எண்ணூறு என்று எழுதுவேன். இருபத்தாறு வருடம். கோடு கோணாமல் விழுவதால் எனக்கு ஸ்கேல் அண்ணன் என்று பட்டப்பெயர் வேறு. கடையே கண்ணாக இருந்த எனக்கு ஊரை ஏமாற்றுகிறோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்ததும் அந்த மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சார், பணத்த முழுசா திருப்பித் தந்துடறோம், ஒரே ஒரு கையெழுத்து போட்டு அனுப்புங்க என்று தேனாகப் பேசினாள். வந்த காகிதத்தில், விலை பற்றி எனக்குப் புகார் இல்லை, இனி யாரிடமும் பேசமாட்டேன் என்று இருந்தது. பழைய சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதற்குத்தான் நீ, விட்டுடுங்கப்பா, அந்தக் காச நான் அனுப்பறேன், இந்த வயசுல அங்க போய் நின்னா மானம் போயிடும் என்றாய். உன் காசு வேண்டாம். வியாழக்கிழமை விசாரணை. அடித்த விலை பொய்யென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் வக்கீல் கேட்பார். நானே எழுதியிருக்கிறேன் ஐயா, அதனால் தெரியும் என்று சொல்லப் போகிறேன். கடைக்காரர்கள் முகம் திருப்பட்டும், மாப்பிள்ளை வீட்டில் சிரிக்கட்டும். மானம் அந்த அட்டைகளோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதுதான், இப்போதுதான் அதைக் கேட்டு வாங்கப் போகிறேன்.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. பிள்ளைக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அம்மாவும் வியாழக்கிழமை வருகிறாளாம். மன்றம் மூன்றாவது மாடியில், லிப்ட் கிடையாது, உன் கால் தாங்காது என்றேன். நான் ஏறிடுவேன், நீங்க மேல போய் மாத்திப் பேசாம இருந்தா சரி என்றாள்.

மாற்றிப் பேசமாட்டேன்,
உன் அப்பா.