நீர்நாய் பார்க்கப் போன மச்சானுக்கு

என் வெள்ளையன் மச்சானே,

இந்தச் சாமை அறுப்போடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் மல்லிகா எழுதுகிறாள். கதையை நான் வேறெங்காவது இழுத்துக்கொண்டு போனால் பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். முறைப்பில் அப்படியே என் தங்கச்சிதான்.

ஜமுனாமரத்தூருக்கு இப்போது இன்னொரு பஸ் விட்டிருக்கிறார்கள். போன சந்தைக்கு அதில்தான் போனேன். மலை வளைவில் வண்டி திரும்பியதும் வயிற்றைப் புரட்டியது, உன் ஞாபகம் வந்துவிட்டது. மல்லிகா குழந்தையாக இருந்தபோது, சந்தனக் கன்று நட்ட நம்மையெல்லாம் வனத்துறைக்காரர்கள் ஒரு வேனில் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார்களே, செங்கம் தாண்டும்வரை நீ ஜன்னலுக்கு வெளியேதான் தலையை வைத்திருந்தாய். அந்த நிலையிலும், "நீர்நாயப் பாக்காம செத்துட்டன்னா இன்னா பண்றது மச்சான்?" என்று கேட்டாய்.

நம் ஓடையில் நீர்நாய் இருந்ததை உன் அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நீ. கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிச்சாவரத்தில் இருக்கிறது என்று கேட்டதிலிருந்து உனக்கு அதே பேச்சுதான்.

அங்கே நமக்குக் கிடைத்தது ஒல்லிப் படகு. மூன்று பேர் உட்கார்ந்தால் தண்ணீர் விளிம்பைத் தொடும். துடுப்புப் போட்டு வழிகாட்ட வந்தவர் கலியன். மரமெல்லாம் தண்ணீருக்குள்ளேயே வேரை ஊன்றி நின்றன. ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாய். "இந்த உப்பக் குடிச்சிட்டா இத்தினி பச்சையா நிக்குது?" என்றாய். கலியன் சிரித்தார்.

கால்வாய் குறுகிக் காடு மூடுகிற இடம் வந்தது. புதுக் காட்டில் நுழையும் முன் நாம் என்ன செய்வோம்? ஒரு கொத்துத் தழையை ஒடித்து எல்லையில் போட்டு, வந்திருக்கிறோம் வழி விடு என்று கேட்போம். நீயும் அதைத்தான் செய்தாய். கைக்கெட்டிய கிளையை ஒடித்தாய்.

"ஐயோ, தில்லைங்க அது, விடுங்க" என்று கலியன் சொல்லி முடிப்பதற்குள் ஒடித்த இடத்துப் பால் உன் கண் இரண்டிலும் தெறித்துவிட்டது.

"தேய்க்காதீங்க. கண்ணக் கெடுத்துரும் அந்தப் பாலு." குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் அவர் உன் கண்ணில் ஊற்றினார். இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. திரும்பிவிடலாம் என்றேன்.

"திரும்புனாலும் தூரந்தான். இப்படியே சுத்திப் போனா சீக்கிரம் கரை புடிச்சிரலாம்" என்று கலியன் வேகமாகத் தள்ளினார். நீ என் வேட்டி முனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச தூரத்தில் துடுப்பு நின்றது. சேற்று மேட்டில் நீர்நாய்கள். சொல்வதா, வேண்டாமா? அவை கீச்சிடுவதைக் கேட்டு நீயே கண்டுகொண்டாய்.

"அதானா?"

"அதான் மச்சான். தாயும் ரெண்டு குட்டியும்."

"இன்னா பண்ணுது?"

"மீனக் கையில புடிச்சிக்கினு தின்னுது. நம்ம புள்ளைங்க சோளக்கதிர் கடிக்கற மாதிரி."

"என்னைப் பாக்குதா?"

பார்த்தது மச்சான். ஒரு குட்டி தலையைத் தூக்கி நேராக உன்னைத்தான் பார்த்தது. சொன்னேன். மூடிய கண்ணோடு நீ கையெடுத்துக் கும்பிட்டாய்.

ஆஸ்பத்திரி மருந்தில் வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் கடைசிவரை புகை மூட்டம்தான். ஊரில் கேட்டவர்களிடம் ஏதோ தூசி என்றாய். நீர்நாயைப் பார்த்தேன் என்று மல்லிகாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய். நான் குறுக்கே பேசவில்லை.

இப்போது அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா பாக்கவே இல்லியா மாமா?"

"இல்ல கண்ணு."

"குட்டி அம்மா முதுவுல ஏறி வழுக்கி வுழுந்துச்சி, மறுபடி ஏறுச்சின்னு சொன்னாரே."

நான் அதைச் சொல்லவே இல்லையே மச்சான். நான் பார்க்கவும் இல்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

புளி உலுக்கி முடித்ததும் மல்லிகாவைப் பிச்சாவரம் கூட்டிப்போகிறேன். படகின் முன்னால் அவளைத்தான் உட்காரவைப்பேன். குட்டி ஏறுகிறதா என்று அவள் தன் கண்ணால் பார்க்கட்டும். வந்து, உன்னைப் புதைத்த மேட்டருகே உட்கார்ந்து அவளே சொல்வாள்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
காசி