எங்கள் வாசலில் மாட்டிய சொல்

என் ரசியா அக்காவுக்கு,

உன்னை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்று பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அன்று சொல்லாமல் விட்டதையும், அதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்துதான், ஆனால் கோணல் கிடையாது. அது உனக்கே தெரியும்.

இந்த வீட்டை நாம் எப்படிப் பிடித்தோம்? கிழவிகள் ஏழு பேர் ஏழு ஒண்டுக் குடித்தனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையை ஒன்றாகப் போட்டோம். பட்டுக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு, ஏழு கட்டில், ஒரே அடுப்பு. மாத்திரை கொடுக்க, முடியாதவர்களைக் கைத்தாங்கலாக நடத்த, சம்பளத்துக்குச் சுகுணா.

அரசாங்க உதவி கேட்டு நீயும் நானும் போனோமே, அந்த ஆபீசில் என்ன கேட்டார்கள்? பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. இருக்கிறார்கள் என்றோம். அப்படியானால் கிடையாது என்றார்கள். அந்தப் பிள்ளைகள் சோறு போடுகிறார்களா என்று ஒருத்தராவது கேட்டார்களா? படியிறங்கும்போது நீ சொன்னாய்: "உட்றீ. நம்ம சோத்த நாமே துன்னுக்கினு, நம்ம ஊட்ல நாமே கெடப்போம்."

நீ போனதும் ஒரு பங்கு குறைந்தது. அந்த மழையில் பின்கட்டு ஓடும் சரிந்தது. சுகுணாவுக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவள் வாய் திறக்கவில்லை, ஆனால் வேறு இடத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவள் போய்விட்டால், படுத்த படுக்கையாகிவிட்ட விஜயாவை யார் புரட்டிப் படுக்க வைப்பது? எங்களில் யாருக்கு அந்தத் தெம்பு இருக்கிறது?

அப்போதுதான் செவிலிமேட்டிலிருந்து என் மகள் ஒரு பெரிய மனிதரை அழைத்து வந்தாள். ஓடு மாற்றித் தருகிறாராம், சுகுணாவுக்கு ஒரு வருடச் சம்பளமும் தருகிறாராம். பதிலுக்கு, அவருடைய அறுபதாம் கல்யாணச் சாப்பாட்டை இங்கே போட வேண்டும், வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும். நான்தான் தலையாட்டினேன், அக்கா. அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

பலகை வந்தது. நல்ல கெட்டித் தகரம். மேலே அவர் பெயர் பெரிதாக. கீழே, 'ஆதரவற்ற முதியோர் இல்லம்'. இரண்டு தடவை படித்தேன். நாலு பேரன் பேத்தி எடுத்தவள் நான். சொந்தமாக வாடகை கொடுத்து, ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி தூக்கி, ஒருத்தி மூத்திரத் துணியை இன்னொருத்தி அலசிப் போடுகிற நாங்கள் ஆதரவற்றவர்களா? இத்தனை வருடம் எனக்கு நீயும் உனக்கு நானும் இருந்தோமே, அதற்கு என்ன பேர்?

மகளிடம் கேட்டேன். "ஒரு வார்த்ததானேம்மா, அதுக்குப் போயி ஏம்மா" என்றாள். விஜயாவின் முதுகில் புண் வந்துவிடுமே என்று பலகையை மாட்ட விட்டேன்.

சாப்பாட்டு நாளில் பெஞ்சு போட்டு எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். இலை போட்டது நான். பழக்கத்தில் உனக்கும் ஓர் இலை போட்டுவிட்டேன். போட்டோ எடுக்க வந்தவர், முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்தச் சாம்பாரை ஒரு வாய் வைத்தால் தானாக வந்துவிடும் என்று நம் கமலா முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வயசான அம்மாள் நேராக உள்ளே வந்து உன் இலையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தூர்ப் பக்கமாம். பேத்திக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வேனில் வந்த கூட்டம், காலையிலிருந்து கடையில் புடவை புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்குத் தரையில் உட்கார முட்டி மடங்கவில்லை, ஒதுங்கவும் இடமில்லை. வெளியே வந்தவள் இலையைப் பார்த்து ஓட்டல் என்று நினைத்துவிட்டாள்.

பெரிய மனிதருக்கு முகம் சுருங்கியது. "இந்தம்மா ஆதரவற்றவங்க இல்ல, எழுப்புங்க" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தவளை இலையிலிருந்து எழுப்புவதா? அதுவும் உன் இலையிலிருந்து? அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது.

"அப்ப நாங்க யாருங்க? அவங்களுக்கும் முட்டி வலி, எங்களுக்கும் முட்டி வலி. எழுப்பறதா இருந்தா எங்க எல்லாரையும் எழுப்புங்க" என்றேன்.

கமலா கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். அவர் போய்விட்டார். ஓடும் போயிற்று, சம்பளமும் போயிற்று. என் மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சித்தூர் அம்மாள் ஒன்றும் புரியாமல் நன்றாகச் சாப்பிட்டாள். உன் கட்டிலில் கால் நீட்டிச் சாயந்திரம் வரை தூங்கினாள். சுகுணா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்றேன். "ஓட்டல்ல சும்மா துன்னுட்டுப் போவாங்களாம்மா?" என்றாள். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அன்று எங்களை மரியாதையாகப் பார்த்தவள்.

அங்கிருந்துதான் இந்த யோசனையைப் பிடித்தோம், அக்கா. இப்போது முன்அறையில் மூன்று கட்டில். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள், கூட வந்த பெரியவர்களை இங்கே விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். கஞ்சி, வெந்நீர், கழிப்பறை, ஒத்தடம். எல்லாவற்றுக்கும் கூசாமல் காசு கேட்டு வாங்குகிறோம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கஷ்டம்தான். பின்கட்டில் இன்னும் தார்ப்பாய்தான். ஆனால் சுகுணா இருக்கிறாள். விஜயாவின் முதுகில் புண் இல்லை.

இருந்தும் கோபம் ஆறவில்லை. பிள்ளை இருந்தால் ஆபீசில் கிடையாது, அழுமூஞ்சி இல்லாவிட்டால் தருமத்திலும் கிடையாது என்றால், எங்களை மாதிரி ஆட்கள் எங்கே போவது? எல்லா ஊரிலுமா பட்டுக்கடை இருக்கிறது?

அந்தப் பலகையை அவர் எடுத்துப் போகவில்லை. திருப்பி மாட்டிவிட்டேன். பின்பக்கம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: 'பெரியவர்கள் கால் நீட்டலாம்'. எழுத்துகள் போகப் போகக் கொஞ்சம் சின்னதாகிவிட்டன, இடம் போதவில்லை.

அடுத்த மழைக்குள் பின்கட்டுக்கு ஓடு போட்டுவிடுவேன், அக்கா. நம் காசில். உன் கட்டிலில் யார் வந்து படுத்தாலும் சிரித்த முகமாகவே படுக்கலாம். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கட்டில் தங்கச்சி,
கன்னியம்மா