கிராமத்துப் பெண் குரல் ஏழு

தை, கடைசி ஞாயிறு.

இன்று மாமாவின் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில் டிஜே ஒரு ஆட்டப் பாட்டுப் போட்டான். அதன் நடுவில் என் அம்மாவின் குரல் வந்தது. வயலில் கிளி கலைக்கும் அதே "ஓஓய்". போன வருடம் அவருக்குத் தெரியாமல் போனில் பிடித்து, பாட்டுச் செய்கிறவர்களுக்கு நான் விற்கும் சத்தத் துணுக்குத் தொகுப்பான சாம்பிள் பாக்கில் சேர்த்து, வாங்குகிறவர் தன் பாட்டில் எப்படியும் பாவிக்கலாம் என்று விற்றேன். "கிராமத்துப் பெண் குரல் ஏழு" என்று பெயர் வைத்ததும் நான்தான்.

பெடியள் அதேபோல் கத்திக் கத்தி ஆடினார்கள். பலகாரத் தட்டோடு நின்ற அம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, அது என்ர சத்தமெல்லே?"

"இல்லையம்மா. அது வெளிநாட்டுப் பாட்டு."

யோசிக்கக்கூட இல்லை. பொய் அப்படியே வந்தது.

டிஜே வேறு, "அண்ணை, நீங்களும் இப்பிடி ஒண்டு செய்யலாமே" என்றான். சிரித்துவைத்தேன்.

பின்னேரம் எங்கள் ஊரான கண்டாவளைக்குத் திரும்பினோம். விளைந்த நெல்லில் கிளிகள் இறங்கியிருந்தன. அம்மா வரம்பில் ஏறி வாயைத் திறந்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கீழே கிடந்த தகரத்தை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.