ஆறு மணிப் பெயர்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இந்த டென்மார்க் ஊர், ஹோர்சன்ஸ், முழுக்கச் சேறு. இந்தக் கொப்பி மகள் வாங்கித் தந்தது. மன்னாரில் எட்டு வயதில் மீன்பிடி வள்ளத்தில் ஏறினேன், பள்ளிக்கூடம் இல்லை. எழுபத்திரண்டு வயதில், போன மாரியில்தான் மகள் எழுத்துப் பழக்கினாள். இன்று ‘ழு’ நேராக வந்தது. தனியே இருந்து சிரித்தேன்.

பின்னேர வேலை: அரபுத் தொலைக்காட்சி நிலையத்தில் துப்புரவு. பழைய களஞ்சியத்தின் மேல்மாடி. ஏழு பேர். அவர்கள் நாட்டு அரசாங்கம் நிலையத்தைப் பூட்டிவிட்டது. இங்கிருந்து செய்தி சொல்கிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் இடையில் உடைந்த டெனிஷ்.

ஆறு மணிச் செய்தியின் முடிவில் பெயர்கள். நிலையத்துக்கு வேலை செய்ததற்காக, அல்லது அப்படிச் செய்தவரின் உறவு என்பதற்காக, அங்கே சிறையில் கிடப்பவர்கள். ஆசிரியர் யூசுப் வாசிப்பார், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நானும் மெஷினை நிறுத்திவிட்டு நிற்பேன். பிறகு சமையலறையில் இருந்துகொண்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுவேன். கை பழக நல்ல வழி. இன்று பதினான்கு. ஒரு மாதமாக ஒன்றும் குறையவில்லை. இரண்டு கூடியிருக்கிறது.

நவம்பர் 5, புதன்

காற்று. பஸ் பிந்தியது.

ஒலி பார்க்கும் சமீரா கொப்பியை எட்டிப் பார்த்தாள். என்னை ‘அம்மோ’ என்பாள். சித்தப்பா என்று அர்த்தமாம்.

“அம்மோ, இதில என்ர தம்பி எங்க?”

மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். நபீல். கமராக்காரன். இரண்டு வருடமாக உள்ளே.

“இவ்வளவு வட்டமாவோ இருக்கிறான்! நல்லாச் சாப்பாடு குடுக்கிறாங்கள் போல.”

தமிழ் எழுத்தின் சுழிகளைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பெயர் எப்போது பட்டியலை விட்டுப் போகும் என்று கேட்டேன்.

“வெளியில வந்தால் வாசிக்க மாட்டம்.”

படம் வெட்டி ஒட்டும் ஹசன் திரும்பாமலே சொன்னான்: “வாசிச்சால் மட்டும் ஆர் கேக்கினம்? அங்க கறன்டே இல்லை.”

தேத்தண்ணிக் கோப்பைகள் கழுவினேன். பதினொன்று.

நவம்பர் 7, வெள்ளி

சமீரா லீவு. திங்கள்வரை கொப்பன்ஹேகனில், அக்கா வீட்டில். லீவில் செய்தியே பார்க்க மாட்டாளாம்.

யூசுப் வாசித்தார். குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் என்று நினைத்தேன். எழுதி எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றாவது வரியில் வேறு ஆள். நபீல் இல்லை!

எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் இதைப் பிடித்திருப்பேனா? பஸ்ஸில் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

மனைவி பிலோமினா: “அங்க ஆரும் சந்தோசப்பட்டவையோ?”

“செய்தி வாசிக்கேக்க சிரிப்பினமோ? விசர்க்கதை கதையாதையும்.”

இங்கே நல்லது நடந்தால் வேலைத்தலத்தில் கேக் வைப்பது வழக்கம். வாங்க வேண்டியது: ரவை, முட்டை, கஜு, கேக்கில் குத்துகிற சின்ன டெனிஷ் கொடி.

நவம்பர் 10, திங்கள்

கேக் நன்றாக வந்தது. மூன்று மணிக்குச் சமீரா வந்தாள். யூசுப் இன்னும் வரவில்லை, மற்றவர்கள் உள்ளறையில்.

“ஆற்ற பிறந்தநாள் அம்மோ?”

“உன்ர தம்பியின்ர எண்டு வையன்.”

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். விரல் வைத்து, ஒவ்வொன்றாக, பெருமையாக வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கதிரையில் இருந்தாள். சந்தோசத்தில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்து நான் கேக்கை வெட்டத் தொடங்கினேன்.

யூசுப் வந்தார். கேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஈரக் கோட்டைக் கழற்றவில்லை. அரபியில் ஏதோ சொன்னார். அவள் போட்ட சத்தத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

ஹசன் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனான்.

“செத்தாலும் வாசிக்க மாட்டம். உயிரோட இருக்கிறவைக்கு நடுவில செத்த ஆளின்ர பேரை ஒரு நாள்கூட வைக்கிறேல்லை. வியாழக்கிழமை தகவல் வந்தது. இண்டைக்கு நேரில சொல்லத்தான் யூசுப் பொறுத்திருந்தவர்.”

“எனக்கு அவள் ஒண்டுதானே சொன்னவள்.”

“மற்றதைத் தன்ர வாயால சொல்லுவாளோ?”

உடலைக் கொடுக்கவில்லையாம். மேலே போய்க் கேக்கிலிருந்த கொடியைப் பிடுங்கினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. பிலோமினா: “தெரிஞ்சோ செய்தனீங்கள்?”

தெரிந்து செய்திருந்தால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். இதை எதில் சேர்ப்பது? இனி ஒரு எழுத்தும் எழுதுவதில்லை என்று காலையில் நினைத்தேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

புல்லெல்லாம் உறைபனி. போனேன்.

சமீரா தன் இடத்தில், காதில் ஹெட்போன். வீட்டில் இரு என்றார்களாம், கேட்கவில்லை. மன்னிப்புக்கு டெனிஷில் எனக்குத் தெரிந்தது, பஸ்ஸில் ஆளின் காலை மிதித்தால் சொல்லும் சொல்தான். அதைச் சொன்னேன். தலையாட்டினாள்.

ஆறு மணி. பதினான்கு பெயர். கடைசிப் பெயர் புதிது. இப்ராகிம், சமீராவின் அப்பா. மகனின் உடலைக் கேட்டுச் சிறை வாசலுக்குப் போன மனிதர் வீடு திரும்பவில்லை. அந்தப் பெயர் வரும்போது ஒலியைக் கூட்டிவிட்டது அவளுடைய கைதான்.

பிறகு சமையலறைக்கு வந்தாள்.

“எழுதேல்லையோ அம்மோ?”

“இல்லைப் பிள்ளை.”

“எழுதுங்கோ. அப்பாவை எழுதுங்கோ.”

கோட்டுப் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். மேலே கையை வைத்து மூடினாள்.

“இதில வேண்டாம். இதில தம்பி இருக்கிறான். வேற தாள்.”

அங்கே இருந்தது கை துடைக்கும் தாள்தான். ‘இ’ எழுதும்போதே மை ஊறிப் பரவியது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை.