கார்னேஷன் தொட்டிகளைத் தேடிப் போன வாசல்

என் அன்பு நைனா,

நீ இல்லாத முதல் கோடை. செஞ்சி மலைப் பாறை வாங்குகிற சூடெல்லாம் நம் மொட்டை மாடியில்தான் இறங்குகிறது.

ஊட்டியிலிருந்து ஈரத்துணியில் சுற்றி நீ கொண்டுவந்த கார்னேஷன் பூச்செடித் துண்டுகளைப் பார்த்து, "செஞ்சி வெயில்ல இது நிக்குமா நைனா?" என்று சிரித்தேன். நீ மாடியில் தொட்டி தொட்டியாக நட்டாய்; தை மாதம் பூத்தது. கத்தரித்துவிட்ட மாதிரி இதழ் ஓரம், லேசான கிராம்பு வாசனை.

சித்திரையில் தங்கச்சி பிரசவத்துக்குச் சென்னை போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மாடியில் ஒரு தொட்டிகூட இல்லை.

நேராகப் போய் நம் தெரு சாந்தி டீச்சர் வாசலில் நின்றேன். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குக் கிளம்பியவர்கள் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"எங்க நைனா தொட்டிங்க எங்க? கேக்காம மாடி ஏறித் தூக்கினு வந்துடுவீங்களா?"

"உள்ள வந்து பாரும்மா" என்றார்.

கொல்லையில், பச்சை வலை கட்டிய நிழலில் இருந்தன. கருகிய நுனிகளைக் கிள்ளி விட்டிருந்தார். இரண்டு செத்துவிட்டன. மற்றவற்றில் பக்கத்தளிர்.

"மேல காஞ்சி கெடந்துது. உனக்கு போன் பண்ணேன், நீ எடுக்கல. அப்பிடியே உட்டுட சொல்றியா?"

அந்த அழைப்பைப் பார்த்தேன் நைனா. பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் விட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி உடு" என்றவர், பிறகு கேட்டார்: "தெருவுல இத்தினி வீடு இருக்குது. நேரா எங்க வீட்டுக்கு ஏன் வந்த?"

பதில் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஊர் ஒதுக்கிவைத்த காலனியிலிருந்து நம் தெருவுக்கு வந்தவர். நீ அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். உன் மகள் இதை எங்கே கற்றுக்கொண்டாள்?

மறுநாள் மளிகைக் கடையில் ஒரு அம்மா கேட்டார்: "டீச்சர் எடுத்துனு பூட்டாங்களாமே, கெடச்சிச்சா?"

கத்தியது தெருவில், மன்னிப்பு மட்டும் கொல்லையில்.

"எடுக்கல. காப்பாத்தி வெச்சிருக்காங்க. நான்தான் அவங்கள கேவலமா பேசிட்டேன்" என்றேன். அந்த அம்மா வெங்காய விலையை விசாரிக்க ஆரம்பித்தார்.

ஒரு கடையில் சொன்னால் போதாது நைனா. நான் கத்தியதைக் கேட்ட ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொல்லப் போகிறேன். செடிகள் டீச்சரிடமே இருக்கட்டும். அவராகக் கூப்பிட்டால் மட்டும் போய்த் தண்ணீர் ஊற்றுவேன்.

தலை நிமிர முடியாமல்,
உன் மூத்த மகள்