கரை இல்லாத படம்

ஏனுங்க,

காலண்டருக்காகக் கன்னியாகுமரியில் நீங்கள் எடுத்த மூன்று படங்களும் மஞ்சூருக்கு வந்து சேர்ந்தன. தேயிலை விலை விழுந்ததிலிருந்து இங்கே கல்யாணத்துக்குக்கூட யாரும் படம் எடுப்பதில்லை. நம் ஸ்டுடியோவை மூட வேண்டி வந்தது உங்கள் குற்றமில்லை.

முதல் படத்தில் சூரியன் உதிக்கும்போது முன்னால் மணல் இருந்தது. தூறலில் அஸ்தமனத்தை எடுத்த இரண்டாவதில் நுரைதான். விடியலில் மேகம் கறுத்துக் கிடக்கும் மூன்றாவதில் கரையே இல்லை.

“ஏம்மா, அப்பா எங்க நின்னு எடுத்தாரு?” என்று பாப்பா கேட்டாள். பாறை மேல் என்று சொல்லிவைத்தேன். பாறையாகத்தான் இருக்கும். அவலாஞ்சி அணையில் கால் நனைக்கவே பயந்தவர் நீங்கள்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஊர்ப்பக்கம் எடுத்து அனுப்புங்கள். முன்னால் மணல் தெரிய வேண்டும்.

பாப்பாவின் அம்மா